எந்தப் படகை வாங்குவது?

பத்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் மட்டுமே 11,842 கொண்டது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம். அங்கே சில ஆண்டுகள் பங்குப்பணி ஆற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. நம் குடும்பங்கள் வேன் அமர்த்திக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் புறப்படுவதுபோல, அங்குள்ளோர் கோடையில் பாட்டி பேரக்குழந்தைகளோடு ஏரிக்குப் புறப்படுவர். குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும், படகும் கரையேறிவிடும்.

அவர்கள் பெரிதும் விரும்புவது பான்டூன் என்னும் மிதவைப் படகு. இரு பெரும் அலுமினியக் குழாய்கள் நீரில் மிதக்க, அவற்றின்மேல் திண்ணை போன்ற தட்டையான தளம்; சுற்றிலும் கம்பியழி, உள்ளே இருக்கைகள். 1950-களின் தொடக்கத்தில் அம்மாநிலத்து ரிச்மண்ட் ஊரையடுத்து, ஆம்புரோஸ் வீரஸ் என்னும் உழவர் இரும்புப் பீப்பாய்களை வரிசையாக இணைத்து மரத்தளம் அமைத்தார்; அதிலிருந்தே இத்தொழில் வளர்ந்தது. உழவர் செய்த படகு என்பது பார்த்தவுடனே விளங்கும். களத்துமேடு ஒன்று மிதப்பதுபோலவே தோன்றும்!

ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் குடும்பத்தலைவர் ஒருவர் இரண்டு விலைப்பட்டியல்களோடு வந்தார். "ஃபாதர், நீங்கள் கடற்கரையில் பிறந்தவர். இவற்றில் எதை வாங்கலாம்?" என்றார். இரண்டும் இருபத்திரண்டு அடி நீளம். ஒன்று இரு குழாய்களும் 90 குதிரைத்திறன் எந்திரமும் உடையது. மற்றது மூன்று குழாய்களும் 150 குதிரைத்திறனும் உடையது. விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பதினாறு வயது மகனுக்கு நீரில் சறுக்கி விளையாட வேகம் வேண்டும். ஆகவே மூன்று குழாய்ப் படகின்மேல் அவனுக்கு மோகம். தாயாருக்கோ கடனைப் பற்றிய கவலை.

மகன் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. மூன்றாம் குழாய் மிதப்பாற்றலைக் கூட்டும்; அலையில் ஆட்டம் குறையும்; வேகமாகத் திரும்பும்போதும் படகு நிலைத்து நிற்கும். மில் லாக்ஸ் போன்ற, ஏறத்தாழ 200 சதுர மைல் பரந்த ஏரியில் காற்றெழுந்தால் அலை விரைவில் உயரும். அவர்கள் அங்கே செல்வதாயின் கடன்பட்டேனும் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர்கள் வீட்டருகே இருந்தது சிறிய ஏரி. இரு குழாய்ப் படகே அதற்குப் போதும். 90 குதிரைத்திறன் காற்றடைத்த மிதவையில் பிள்ளைகளை இழுத்துச் செல்லவும் போதும்.

இவ்வளவு பேசியும் ஒருவரைப் பற்றி எவரும் பேசவில்லை. அவ்வீட்டில் எண்பது கடந்த பாட்டியார் சக்கர நாற்காலியில் இருந்தார். "படகின் வாயிற்கதவு எத்தனை அங்குலம்?" என்று கேட்டேன். தந்தை விழித்தார். நாற்காலியையும் அளவு நாடாவையும் கடைக்கே கொண்டு செல்லுமாறு கூறினேன். சென்று பார்த்தபோது, விலைமிகுந்த படகில் சாய்வு இருக்கைகள் இடத்தை அடைத்துக்கொண்டதால் வாயில் குறுகியிருந்தது, நாற்காலி நுழையவில்லை. மற்றதில் தாராளமாக நுழைந்தது.

இரு குழாய்ப் படகையே வாங்கினர். மகன் சில வாரங்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை. மிஞ்சிய பணத்தில் ஒவ்வொருவர் உடலுக்கும் பொருந்திய உயிர்காப்புச் சட்டைகளைத் தாயார் வாங்கினார். படகு செல்கையில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதை அணிந்தே இருக்கவேண்டும் என்பது அங்குச் சட்டம். முன்கம்பிக்கு வெளியே கால்களைத் தொங்கவிட்டு எவரும் அமரலாகாது என்பதையும் வீட்டில் விதியாக்கினர். அங்கிருந்து விழுபவர் படகின் அடியிற் சென்று, எந்திரத்தின் சுழலும் விசிறியில் சிக்கக்கூடும். எல்லாரும் முன்பக்கம் குவிந்தாலும் முனை தாழ்ந்து நீர் தளத்தில் ஏறும். தட்டையான தளம் என்ற நம்பிக்கையில் பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

பாட்டியார் இரண்டு கோடைகள் அப்படகில் சென்றார். நாற்காலியின் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைக்கும் வேலையை, எவரும் சொல்லாமலே, அந்த மகன் ஏற்றுக்கொண்டான்.