தென்மேற்கிலிருந்து வந்த ரொட்டி

வெளியிற் சாப்பிடுவது நம்மவரிற் பலருக்கு இன்றும் ஒரு தேவையேயன்றி இன்பமன்று. பிரயாணம் நேர்ந்தால், வைத்தியசாலைக்குப் போய் நேரமாகிவிட்டால், வீட்டில் அடுப்பு மூட்ட ஆளில்லாவிட்டால், சைவக் கடைக்குள் நுழைவோம். இரண்டு தோசை, ஒரு வடை, ஒரு தேநீர் என்று கணக்காக முடித்துக்கொண்டு எழுந்துவிடுவோம். சாப்பிடுவதற்கென்றே நல்ல உடை உடுத்திக் குடும்பத்தோடு ஓரிடத்துக்குப் போவதைப் பெரியவர்கள் வீண் செலவென்று கருதினார்கள். வீட்டுச் சமையலைக் குறை கூறுவது போலாகிவிடும் என்ற எண்ணமும் அதன் அடியில் இருந்திருக்க வேண்டும்.

மாத்தளையில் இந்த எண்ணம் மெல்ல மாறிவருகிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருந்தெரு எங்கள் ஊரைக் கடந்து தம்புள்ளைக்குப் போகிறது. வழியிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டங்களைப் பார்க்க வரும் வெளிநாட்டாரை நம்பி உணவுச்சாலைகள் பல எழுந்துள்ளன. ஆனால் சில மாதங்களுக்கு முன் எங்கள் வீதி முனையில் திறக்கப்பட்டது உள்ளூர்க் குடும்பங்களை நம்பியது. பலகையில் ‘தென்மேற்கு உணவுகள்’ என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தார்கள். தென்மேற்கு என்றால் நமக்குப் பருவக்காற்றுத்தான் நினைவுக்கு வரும். ஓய்வுபெற்ற தபாலதிபராகிய அடுத்த வீட்டு அன்பர், காலிப் பக்கத்து மீன் அம்புல் தியலைத்தான் விற்கப்போகிறார்கள் என்று தாமாகவே தீர்மானித்து, சைவர்கள் அந்தப் பக்கம் தலைகாட்டத் தேவையில்லை என எனக்குப் புத்திமதியும் சொல்லிவிட்டார்.

உண்மையில் பலகை சொன்னது ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கை. நியூ மெக்சிக்கோ, அரிசோனா முதலிய வறண்ட நாட்டை. அதன் பெரும்பகுதி 1848 வரை மெக்சிக்கோவுக்கு உரியதாயிருந்து, போரின் முடிவில் கைமாறியது. 1912ஆம் ஆண்டிலேதான் அவ்விரண்டும் மாநிலங்களாயின. ஆதிகுடிகளின் சோளமும் அவரையும், ஸ்பானியர் கொண்டுவந்த கோதுமையும் கால்நடையும் அங்கே ஒரே அடுப்பில் ஏறின. கடையை நடத்தும் இளைஞர் நம் மாவட்டத்தவரே. வளைகுடா நாடொன்றின் பெரிய ஹோட்டலில் அமெரிக்கச் சமையற்காரர் ஒருவரின் கீழ் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்து இந்தக் கைப்பழக்கத்தைப் பெற்றவர். கையிலிருந்த சேமிப்பையெல்லாம் எட்டு மேசைகளிலும் ஓர் இரும்புக்கல்லிலும் போட்டிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல் மனைவியையும் மகளையும் என் தாயாரையும் அழைத்துக்கொண்டு போனேன். தாயாரைச் சம்மதிக்கவைத்ததே பெரும்பாடு. எழுபது வயதைக் கடந்த அவர் தேயிலைத் தோட்டத்திற் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, என்னையும் படிக்கவைத்தவர். கோயில் அன்னதானம் தவிர வீட்டுக்கு வெளியே அவர் உட்கார்ந்து உண்டதை நான் அதிகம் கண்டதில்லை.

உட்கார்ந்ததும் அந்த இளைஞர் கேட்ட முதற் கேள்வி, “சிவப்பா, பச்சையா?” என்பது. நியூ மெக்சிக்கோவில் உணவுக்கு மேல் ஊற்றும் மிளகாய்க் குழம்பு பழுத்த மிளகாயில் செய்தது வேண்டுமா, காயில் செய்தது வேண்டுமா என்று இப்படித்தான் கேட்பார்களாம். அம்மாநிலச் சட்டசபை இதைத் தன் அதிகாரபூர்வமான கேள்வியாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு நாட்டுக்குக் கொடி உண்டு, மலர் உண்டு, பறவை உண்டு. கேள்வியும் உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன். இரண்டும் வேண்டுவோர் ‘நத்தார்’ என்று சொன்னாற் போதுமாம். அந்தப் பண்டிகையின் நிறங்கள் அவை இரண்டுமல்லவா! என் மகள் உடனே “நத்தார்” என்றாள்.

மிளகாயைப் பற்றி நமக்கொரு கர்வம் உண்டு. உறைப்புத் தின்பதில் நம்மை விஞ்ச ஆளில்லை என்பது நம் நம்பிக்கை. ஆனால் மிளகாய் நம்முடையதன்று. கொலம்பஸ் 1492இல் அமெரிக்கக் கரையை அடைந்த பின்னரே அது கடல் கடந்தது; கீழைத் தேசங்களில் அதைப் பரப்பியவர்கள் போர்த்துக்கேயர். அதற்குமுன் நம் முன்னோருக்கு உறைப்பைத் தந்தது இந்த மாத்தளை மலைகளிலும் படரும் மிளகுதான். வந்த புதுக்காயை என்னவென்று அழைப்பதெனத் தெரியாமல், மிளகைப்போல் உறைக்கும் காய் என்று ‘மிளகாய்’ எனப் பெயரிட்டுக்கொண்டோம். தக்காளி, போஞ்சி, பூசணி, பப்பாளி, மரவள்ளி, நம் மாவட்டத்துக் கொக்கோ, தம்புள்ளைச் சந்தைக்கு வரும் சோளம் எல்லாம் அந்தக் கண்டத்துப் பயிர்களே. எனவே மேசைக்கு வந்த தட்டில் எனக்கு அந்நியமானது ஒன்றுமில்லை. பெயர்கள்தான் வாய்க்குள் நுழைய மறுத்தன.

அவர்களது சோள அடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்துக் கழுவிய பின்பே அரைக்கிறார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் என் தாயார் இதைக் கேட்டு, “விவரமானவங்கதான்” என்றார். விவரமானவர்களேதான். அப்படிச் செய்யாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகளைப் பெல்லாக்ரா என்னும் நோய் பிடித்தது. சோளத்தில் அடைபட்டுக்கிடக்கும் ஒரு விற்றமினைச் சுண்ணாம்பு விடுவித்துத் தருகிறது என்ற காரணம் இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கியது.

பின்னர் வந்தது நவாஹோ ரொட்டி. கோதுமை மாவை உப்பும் சிறிது பேக்கிங் பவுடரும் சேர்த்துப் பிசைந்து, கையால் தட்டி, எண்ணெயிற் பொரித்து, அதன் மேல் அவரையும் தக்காளியும் மிளகாய்க் குழம்பும் பரப்பியிருந்தார்கள். அந்நாட்டில் பன்றிக் கொழுப்பிற் பொரிப்பதுமுண்டு என்றும், தாம் தேங்காய் எண்ணெயையே பயன்படுத்துவதாகவும் அந்த இளைஞர் நாங்கள் கேட்குமுன்பே சொன்னார். தாயார் ஒரு துண்டைப் பிய்த்து வாயிலிட்டார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இதுக்கா தம்பி இவ்வளவு வேஷம்? இது நம்ம ரொட்டிதானே! எண்ணெயில போட்டுட்டாங்க, அவ்வளவுதான்” என்றார். விலையை விசாரித்தார். சொன்னேன். “ஒரு நாள் பேருக்குக் கிட்ட வருதே!” என்றார். தோட்டத்தில் ஒரு நாட் சம்பளத்துக்குப் பேர் என்று பெயர்.

நம்முடைய ரொட்டிதான். தாயார் அறியாமற் சொன்ன அந்த வார்த்தைக்குள் ஒரு சரித்திரமே அடங்கியிருந்தது. நவாஹோக்கள் தங்களை டினே என்று சொல்லிக்கொள்ளும் மக்கள். சோளம் பயிரிட்டு, ஆடு வளர்த்து, பீச் மரத்தோப்புகள் வைத்து வாழ்ந்தவர்கள். 1863இல் தொடங்கிய படையெடுப்பில் அமெரிக்க இராணுவம் அவர்களது பயிரை எரித்தது, ஆடுகளைக் கொன்றது, தோப்புகளை வெட்டியது. பசியால் அடிபணிந்தவர்களை 1864 முதல் ஏறத்தாழ 300 மைல் நடத்திச் சென்று பொஸ்க் ரெடொண்டோ என்னுமிடத்தில் அடைத்தது. எண்ணாயிரம் பேருக்கு மேல். வழியில் விழுந்தவர்கள் பலர். அங்கே பங்கீடாகக் கிடைத்தது அவர்கள் பழகியிராத கோதுமை மாவும் கொழுப்பும் காப்பிக் கொட்டையும். அந்த மாவைக் கொண்டு எதையாவது செய்து பிள்ளைகளின் வயிற்றை நிரப்ப வேண்டிய தாய்மார்களின் கையிற் பிறந்ததே இந்த ரொட்டி என்பது அம்மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

அதே 1864இல் மாத்தளை மலைகளில் காப்பி பயிராகிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேல் காடுகளினூடே நடந்து, தம்புள்ளையைக் கடந்து இந்த ஊருக்கு வந்தார்கள். அவர்களை எவரும் துப்பாக்கி முனையில் நடத்தவில்லை. பஞ்சமும் கங்காணியின் முற்பணமும் நடத்தின. இந்த வேறுபாட்டை மறைக்கக்கூடாது. ஆயினும் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களுக்கு அது பெரிய வேறுபாடாக இருந்திராது. தோட்டம் அரிசியைக் கொடுத்துச் சம்பளத்திற் கழித்துக்கொண்டது. பிற்காலத்தில் கோதுமை மாவும் அப்படியே வந்தது. வடக்கில் கோதுமை மாவுக்கே ‘அமெரிக்கன் மா’ என்று பெயர் வழங்கியது. கல்லிற் சுட்ட ரொட்டியும் இடித்த சம்பலும் அவ்வாறே மலைநாட்டு லயங்களின் உணவாயின.

அன்று மேசையில், தட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தாயார் 1974ஆம் ஆண்டைப் பற்றிப் பேசினார். நாடெங்கும் உணவுத் தட்டுப்பாடு; தோட்டங்களில் பட்டினிச் சாவு. மா வரவேண்டிய நாளில் மா வரவில்லை. மரவள்ளியும் கிடைத்த கீரையும் அவித்துத் தின்றார்களாம். அந்த வருடம் அவருடைய கடைசித் தம்பி இறந்தான் என்பது எனக்குத் தெரியும், சிறுவயதிலேயே கேட்டதுதான். கடைசி இரண்டு நாளும் அவன் ரொட்டி ரொட்டி என்று கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை அன்றுதான் கேட்டேன். ஐம்பது ஆண்டுகளாக அதை அவர் எவருக்கும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, மீதியையும் முழுதாக உண்டு முடித்தார். தட்டில் ஒரு துணுக்கும் விடவில்லை.

இந்த ரொட்டியை அந்நாட்டிலும் எல்லோரும் கொண்டாடுவதில்லை. 2005இல் தெற்கு டகோட்டா மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ ரொட்டியாக அறிவித்தது. அதே ஆண்டில் சூசன் ஷோன் ஹார்ஜோ என்னும் ஆதிகுடிப் பெண்மணி, நீரிழிவையும் உடற்பருமனையும் வளர்க்கும் இதைக் கைவிடுங்கள் என்று தம் மக்களுக்கு எழுதினார். இரு சாராரும் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வெறும் கோதுமை மாவையே மூன்று வேளையும் உண்டால் பிள்ளைகள் வளரமாட்டார்கள் என்பது நமக்கும் பொருந்தும்.

ஆனால் நான் அன்றாடம் காண்பது வேறொன்று. நான் படிப்பிக்கும் கல்லூரியில், இடைவேளையின்போது தோட்டத்துப் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் விதமே தனி. மூடியை முழுதும் எடுக்கமாட்டார்கள். ஒரு பக்கம் தூக்கி, உள்ளே கையை விட்டு, ரொட்டியைச் சிறிது சிறிதாகப் பிய்த்து எடுத்து உண்பார்கள். நகரத்துப் பிள்ளைகளின் பெட்டிகளில் நூடில்ஸும் பாணும் திறந்தபடி இருக்கும்.

சென்ற தவணையில் பத்தாம் வகுப்புக்கு நவாஹோக்களின் கதையைச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாததுதான். 1868இல் உடன்படிக்கை செய்து அவர்கள் தங்கள் நிலத்துக்கே திரும்பியதையும், அந்த ரொட்டியை இன்று அவர்கள் திருவிழாக்களில் ஊரார் பார்க்கப் பொரித்து விற்பதையும் சொன்னேன். எங்கள் மக்கள் 1948இல் இழந்த குடியுரிமை முழுமையாகத் திரும்ப 2003 வரை ஆயிற்று என்பது பாடத்திலேயே வருவதால் அதையும் சேர்த்தேன். மூடியை மறைத்து உண்ணும் மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், திரும்பிப் போன நிலத்துக்கு அவங்களுக்கு உறுதி இருக்கா?” என்று கேட்டாள்.

நிலம் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டதே. ஆனால் பெரும்பகுதியைச் சட்டப்படி அமெரிக்க அரசே அவர்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது. அதில் வீடு கட்டுவதற்குக் குத்தகைப் பத்திரம் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“அப்ப அவங்களும் லயத்திலதான் இருக்காங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.