கொல்லையில் ஒரு வெங்காயச் சாள்

நாசிக் மாவட்டம் நிஃபாட் தாலுகாவில் ஒரு வீட்டுத் திண்ணை. அதில் இரண்டு வரைபடங்கள் விரிந்து கிடக்கின்றன. ஒன்று வேளாண்மை அலுவலகத்தில் வாங்கிய அச்சுப் பிரதி. மற்றது ஊர்த் தச்சர் நோட்டுத் தாளில் பென்சிலால் போட்டுக் கொடுத்தது. இரண்டரை ஏக்கரில் வெங்காயம் பயிரிடும் அந்த விவசாயி ஒரு மாதமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கும் கொட்டகை என்றால் இவ்வளவு யோசனை தேவையில்லை. கட்டப்போவது காந்தா சாள். மராத்தியில் காந்தா என்றால் வெங்காயம். சாள், பம்பாய்க்குப் பிழைக்கப்போன தமிழர்கள் வாழ்ந்து பார்த்த அதே சாள்தான். வரிசையாக அறைகள், நிறையக் கூட்டம், இருந்தும் எப்படியோ காற்று வந்துகொண்டிருக்கும்.

அந்தக் காற்றில்தான் விஷயம் இருக்கிறது. ரபி வெங்காயம் ஏப்ரல், மே மாதங்களில் நிலத்தை விட்டு வெளியே வருகிறது. அடுத்த புது வெங்காயம் அக்டோபர் வாக்கில்தான் தலைகாட்டும். நடுவில் நாடு முழுவதும் சாப்பிடுவது இப்படிச் சேர்த்துவைத்த சரக்கைத்தான். மே மாதத்திலேயே லாசல்காவ் சந்தைக்கு டிராக்டரை ஓட்டிப் போகிறவருக்கு வியாபாரி சொன்னதே விலை. காத்திருக்க முடிந்தவருக்குப் பேரம் பேச வாய்ப்பு. இடம் இல்லாதவர் காத்திருக்க முடியாது.

ஆனால் வெங்காயம் நெல் அல்ல, மூட்டை கட்டி மூலையில் போட. அறுத்த பிறகும் அது சுவாசிக்கிறது, ஈரத்தை வெளியே விடுகிறது. பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் தூங்கும். 25 முதல் 30 டிகிரியில், காற்றில் ஈரப்பதம் 65 முதல் 70 சதவிகிதம் இருந்தாலும் சமாளிக்கும். நமக்கு இதமாக இருக்கும் இடைப்பட்ட குளிர்ச்சிதான் ஆகாது. முளைவிட்டுவிடும். குளிர்பதனக் கிடங்குக்கு வசதியில்லாத விவசாயிக்கு வெயிலும் காற்றுமே துணை.

எனவே நல்ல சாள் என்பது பாதி இல்லாத கட்டடம். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் மேடை. மேடையில் மூங்கிலோ மரச்சட்டமோ, இடைவெளி விட்டு. பக்கச் சுவர்களும் அப்படியே. குவியல் 4 அடி அகலத்துக்கும் 5 அடி உயரத்துக்கும் மேல் போகக் கூடாது. போனால் அடியில் இருப்பது நசுங்கும், நடுவில் இருப்பது வேகும். (நம் சாம்பார் வெங்காயம் என்றால் உயரம் 100 சென்டிமீட்டரோடு சரி.) கூரைக்கு மங்களூர் ஓடு உத்தமம். தகரம் மலிவு, மே மாத வெயிலில் அடுப்பு. இத்தனை கட்டியும், வயலிலும் நிழலிலும் சரியாக உலர்த்தாத வெங்காயத்தை எந்தச் சாளும் காப்பாற்றாது. கழுத்தில் ஈரம் இருந்தால் கறுப்புப் பூஞ்சை வந்தே தீரும்.

இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தகராறு வரைபடங்களில்தான். அச்சுப் பிரதியில் இருப்பது இரட்டை வரிசை, நடுவில் நடைபாதை, 40 அடி நீளம், 25 டன். அது கிழக்கு மேற்காக நிற்க வேண்டும். தச்சர் வரைந்தது ஒற்றை வரிசை. அதை வடக்கு தெற்காக நிறுத்தினால் மேற்கிலிருந்து வரும் மழைக்காலக் காற்று குறுக்கே புகுந்து போகும். கொல்லையோ கிழக்கு மேற்கில் 45 அடி, வடக்கு தெற்கில் 30 அடி. பெரியது கட்டினால் மொத்த விளைச்சலும் அடங்கும். மாடு கட்டவும் களம் போடவும் இடம் இருக்காது. சின்னது 25 அடிக்கு மேல் போகாது. அதில் 8 டன் கொண்டால் பெரிது.

அவருடைய ஆசை பெரியதன் மேல். மானியமும் ஆசை காட்டுகிறது. 2014ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல்கள் 25 டன் சாளுக்கு 1.75 லட்சம் ரூபாய் செலவு என்று கணக்கிட்டு, பாதியை மானியமாகத் தர வழி செய்தன. ஆனால் பணம் கைக்கு வருவது கட்டி முடித்து அதிகாரி பார்த்த பிறகுதான். அதுவரை கடன்.

மனைவி வேறு கணக்கு வைத்திருக்கிறார். "அஹோ, 25 டன்னையும் உள்ளே பூட்டிட்டா ஜூன்ல விதைக்கும் உரத்துக்கும் எதை விப்பீங்க?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை.

மனைவியின் பயத்துக்குக் காரணம் உண்டு. 2018 நவம்பரில் இதே நிஃபாடில் ஒரு விவசாயி 750 கிலோ வெங்காயம் விற்று வாங்கியது 1,064 ரூபாய். கொதித்துப்போய் அதைப் பிரதமருக்கு மணியார்டர் செய்தார். மறு வருடம் விலை ஏறியதும், செப்டம்பரில் மத்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2023 ஆகஸ்டில் 40 சதவிகித ஏற்றுமதி வரி, டிசம்பரில் மறுபடி தடை. 1998இல் வெங்காய விலை டெல்லி மாநில ஆட்சியையே ஆட்டம் காணவைத்ததை எந்தக் கட்சியும் மறக்கவில்லை. நகரத்துச் சமையலறைக்குப் பயந்து எடுக்கும் முடிவுக்கு விலை கொடுப்பது கிராமத்துச் சாள். காற்று வரும் திசையைப் பார்த்துக் கொட்டகை கட்டலாம். டெல்லியில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்பதற்கு வரைபடம் கிடையாது.

கடைசியில் தேர்வானது தச்சரின் பென்சில் படம். 17 டன்னை மே மாத விலைக்கே தள்ளிவிட்டுச் சங்கக் கடனை அடைப்பது, 8 டன்னை மட்டும் நிறுத்திவைப்பது என்று ஏற்பாடு. கூரைக்கு ஓடுதான். இடிந்த பழைய வீட்டின் ஓடுகள் பக்கத்து ஊரில் மலிவாகக் கிடைக்கின்றனவாம். அச்சுப் பிரதியை அவர் தூக்கிப் போடவில்லை. மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மேடைக்குக் கல் எண்ணப் போனார்.