உப்பும் இரும்பும்

எங்கள் வீட்டுச் சமையலறையில் எவர்சில்வருக்கு இடம் கிடைக்காத மூலை ஒன்றே ஒன்றுதான். அது உப்பு இருக்கும் மூலை. அரிசி, பருப்பு, சர்க்கரை எல்லாம் பளபளக்கும் டப்பாக்களுக்குக் குடிபோய் வெகு நாளாகிறது. உப்பு மட்டும் பழைய பீங்கான் ஜாடியை விட்டு நகரவில்லை.

என் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தடவை உப்பை எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் டப்பாவின் அடியில் ஊசியால் குத்தியதுபோல் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிட்டன.

"துருவே பிடிக்காது என்றுதானே விற்கிறான்?" என்றேன்.

"உப்புக்கு முன்னாலே எந்த இரும்பும் இரும்புதாண்டா" என்றாள் அம்மா.

அந்த வார்த்தையின் அருமை எனக்குத் தெரிவதற்கு இருபது வருஷம் ஆயிற்று.

எழுபதாவது வயதில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எலும்பை நேராக்கி, ஒரு சாண் நீளத் தகட்டை அதன்மேல் வைத்துத் திருகாணிகளால் முடுக்கினார்கள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த அம்மா கேட்டாள்: "ஏண்டா, ரத்தம் உப்புக் கரிக்குமே! அதிலே இரும்பை வைத்தால் துருப்பிடிக்காதோ?"

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். டாக்டரை மன்னித்துவிடலாம், அவருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். எனக்கு யாரும் காத்திருக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, தொடையில் எறும்பு கடிப்பதுபோல் வலிக்கிறது என்றாள். மறுபடியும் படம் எடுத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. "வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நானும் வீட்டுக்கு வந்து அதையே சொன்னேன். கொஞ்ச நாளில் அம்மா வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். வலியே நின்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் வேறொரு டாக்டர், "கூடின எலும்புக்குத் தகடு எதற்கு? எடுத்துவிடலாமே" என்றார். எடுத்ததைக் கழுவி ஒரு புட்டியில் போட்டுக் கொடுத்தார். தகடு கண்ணாடிபோல் மின்னியது. ஆனால் இரண்டு திருகாணிகளின் தலைக்குக் கீழே, தகடும் ஆணியும் ஒட்டியிருந்த இடத்தில், பழுப்பு வளையமும் சிறு சிறு குழிகளும் இருந்தன. டப்பாவின் அடியில் பார்த்த அதே குழிகள்!

அதற்குப் பிறகுதான் நான் புத்தகங்களைத் தேடிப் போனேன். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் உறுதியால் அல்லவாம். அதில் கலந்த குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மேலே ஒரு தோலைப் போர்த்துகிறது. தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் அந்தத் தோல். கீறினால் தானே ஆறிவிடும். ஆனால் ஆறுவதற்குப் பிராணவாயு வேண்டும். உடம்பிலுள்ள நீரில் உப்பு நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கடலிலோ மூன்றரைப் பங்கு. அந்தக் குறைந்த உப்பே போதும். எலும்புக்கு வைக்கும் எஃகில் மாலிப்டினம் என்ற உலோகத்தை இரண்டு மூன்று சதவிகிதம் சேர்த்து உப்பைத் தடுக்கிறார்கள். அப்படியும், திருகாணித் தலைக்கு அடியில் நீர் தேங்கிப் பிராணவாயு தீர்ந்துபோனால் தோல் ஆறுவதில்லை. நீர் புளித்து அமிலமாகிறது, குழி விழுகிறது.

1912ல் ஷெர்மன் என்ற அமெரிக்க சர்ஜன் வெனேடியம் கலந்த எஃகில் தகடு செய்தார். நல்ல பலமான தகடு. ஆனால் உடம்புக்குள் அரித்துப்போயிற்று. 1937ல் டெக்ஸாஸில் வெனபிள், ஸ்டக் என்ற இரண்டு டாக்டர்கள் நாய்களின் எலும்பில் பலவித உலோகங்களை வைத்துப் பார்த்தார்கள். இருவேறு உலோகங்கள் உடம்பின் உப்பு நீரில் ஒன்றாக இருந்தால் மின்சாரம் பிறந்து ஒன்று கரைகிறது என்று கண்டார்கள். பல் வைத்தியர்கள் கையாண்ட கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் கலவை அவர்கள் மூலம் எலும்புக்கும் வந்தது. 1950களில் ஸ்வீடனில் பிரானமார்க் என்பவர் முயலின் காலில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தபோது எலும்பு அதை விட மறுத்தது. டைட்டானியத்துக்கும் ஒரு தோல் உண்டு. உப்பு அதை லேசில் தொடுவதில்லை.

உடம்பின் உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதுதான் இத்தனை பேர் தலையைக் குடைந்த கேள்வி. படுக்கையில் கிடந்த என் அம்மா அதைக் கேட்டபோது நான் சிரித்தேன்.

வலிக்குத் துருதான் காரணமா, ஆணியின் தலை சதையில் உராய்ந்தது காரணமா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் புதிய டாக்டர். தகட்டை எடுத்தபின் வலி குறைந்தது, அவ்வளவுதான் நிச்சயம்.

"இத்தனை நாளும் வலித்ததா? ஏன் அம்மா சொல்லவில்லை?" என்றேன்.

"சொன்னேனே" என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை. "வயசு என்றாய். சரி, வயசுதான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்."

அந்தத் தகட்டை அவள் எறியவில்லை. துணியில் சுற்றிச் சமையலறை அலமாரியில் வைத்திருக்கிறாள், உப்பு ஜாடிக்கு எட்டாத மேல் தட்டில்.