கடல் திருடிய வயல்கள்

போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 14 கி.மீ. தொலைவில் சிப்பிகாட். கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் அரசுப் பண்ணையால் பெயர்பெற்ற ஊர். இங்கே நடந்த மிகப் பெரிய திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போட வழியில்லை. திருடியது கடல்.

2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சுனாமி திரும்பிப் போனது, கடல் போகவில்லை. ஏர் ஓடிய தாழ்நிலங்களில் ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியது. விவசாயி நின்ற இடத்தில் இன்று கொக்குகள் நிற்கின்றன. பறவை பார்க்க வருபவர்களுக்கு அது அழகான காட்சி.

மறு ஆண்டே வரைபடங்கள் பேசுபொருளாயின. 2005இல் சிகாகோ நகரில், போலீஸ் பதிவுகளை கூகுள் வரைபடத்தில் பொருத்தி, எந்தத் தெருவில் என்ன குற்றம் என்று காட்டும் இணையதளம் பிறந்தது. அதே ஆண்டு, கூகுள் எர்த் படங்கள் பயங்கரவாதிகளுக்குப் பயன்படலாம் என்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் எச்சரித்தார். முப்படைகளின் கூட்டுக் கட்டளையகம் இயங்கும் அந்தமானில் அந்தக் கவலை நியாயமானதே.

ஆனால், குற்ற வரைபடத்தில் புகாரானது மட்டுமே புள்ளியாகும். சிப்பிகாட்டின் இழப்புக்கு அதில் இடமில்லை. நிலம் இருந்ததையும் நீர் புகுந்ததையும் அடுத்தடுத்துக் காட்டுபவை செயற்கைக்கோள் படங்களே. ராணுவ முகாமை மறைப்பதில் நாட்டுக்குப் பாதுகாப்பு இருக்கலாம். மூழ்கிய வயலை மறைத்தால், அதை உழுதவருக்குச் சாட்சியே இல்லாமல் போகும்.