ஒரு வாரம், ஒரே நகரம்

இப்பள்ளியில் கல்வி பயின்ற தமக்கையும் தம்பியுமாகிய நாங்கள், எங்கள் அன்னையாருடன் ஸ்பெயின் நாட்டின் கிரனாடா நகருக்கு ஒரு வாரப் பண்பாட்டுப் பயணம் மேற்கொள்ளவிருக்கின்றோம். பயணம் இன்னும் நிகழவில்லை. ஆயினும், அதற்கான ஆயத்தமே எங்களுக்குச் சில பாடங்களைக் கற்பித்துவிட்டது. அவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

நாங்கள் சிறுவராய் இருந்தபோது, பள்ளியிலிருந்து கொணர்ந்த நூலொன்றில் ஒரு படத்தைக் கண்டோம். பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் ஒரு நீர்த்தொட்டியைச் சுமந்து வட்டமாய் நின்றன. அவற்றின் வாய்களிலிருந்து நீர் ஒழுகிற்று. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டிக் களைத்துத் திரும்பிய அம்மா, அப்படத்தை நெடுநேரம் பார்த்திருந்தார். "பெரியவர்களானதும் உங்களை அங்கே அழைத்துப் போகிறோம், அம்மா" என்றோம். பிள்ளைகள் எளிதில் கொடுத்துவிடும் வாக்கு அது. அதனை நினைவுகூர்ந்து நிறைவேற்ற முற்படுவதற்குள் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

எங்கள் இரு குடும்பத்தாரும் மாதந்தோறும் சிறு தொகையை ஒதுக்கி மூன்றாண்டுகள் சேமித்தோம். செய்தியைக் கூறியதும் அம்மா மகிழ்வார் என்றெண்ணினோம். அவரோ மறுத்துவிட்டார். "அந்த வெள்ளியைப் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு வையுங்கள். முழங்கால் வலியோடு நான் எந்த மலையில் ஏறுவது?" என்றார். எங்களால் உடனே மறுமொழி கூற இயலவில்லை.

இதற்கிடையில் நாங்கள் வகுத்த முதல் திட்டமும் பிழையுடையதாகவே இருந்தது. மட்ரிட், கொர்டோபா, செவில்யா, கிரனாடா என நான்கு நகரங்களை ஏழு நாளில் கண்டுவிட எண்ணினோம். அத்திட்டத்தைப் படித்துக் காட்டியபோது அம்மா நகைத்தார். "நிரையிலே ஓடி ஓடி வெட்டினால் பட்டைதான் காயப்படும், மங்கில் பால் சேராது" என்றார். முப்பதாண்டுகள் மரம் வெட்டியவரின் சொல் அது. மூன்று நகரங்களை அன்றே அடித்துவிட்டோம். கிரனாடா மட்டும் எஞ்சியது.

பின்னர் ஒவ்வோர் இரவும் அந்நகரைப் பற்றிப் படிக்கலானோம். கிரனாடா என்னும் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் மாதுளை என்பது பொருள். நகருக்கு மேலே, குன்றின்மீது நிற்பது அல்ஹம்ப்ரா அரண்மனை. 'சிவந்தது' எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். நஸ்ரித் மரபின் முதல் மன்னரான முதலாம் முகம்மது 1238ஆம் ஆண்டில் அதன் பணியைத் தொடங்கினார். எங்கள் படத்திலிருந்த சிங்க முற்றம், பதினான்காம் நூற்றாண்டில் ஐந்தாம் முகம்மதுவின் ஆட்சியில் எழுந்தது. 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அவ்வரண்மனையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

இவற்றை வாசிக்கக் கேட்டிருந்த அம்மா, திடீரென ஒரு வினா தொடுத்தார்: "அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை யாரப்பா சுமந்து போனது?"

நாங்கள் திகைத்தோம். மன்னர்களின் பெயர்களை மனனம் செய்திருந்த எங்களுக்கு அவ்வினா தோன்றவே இல்லை. தேடிப் பார்த்தோம். வறண்ட அக்குன்றுக்கு நீர் கொணர, டாரோ ஆற்றில் ஏறத்தாழ 6 கிலோமீட்டருக்கு அப்பால் அணையிட்டு, மலைச்சரிவை ஒட்டி ஒரு வாய்க்காலை வெட்டியிருக்கின்றனர். இயந்திரம் ஏதுமின்றி, நிலத்தின் சரிவைக்கொண்டே நீர் அரண்மனையை எட்டியிருக்கிறது. அந்நீர் இன்றும் ஹெனராலிஃபே என்னும் தோட்ட மாளிகையின் முற்றத்தின் நடுவே ஓடுகிறது. வாய்க்கால் வெட்டச் செய்த மன்னரின் பெயர் நூலில் உள்ளது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்கள் இல்லை.

அம்மா சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்த வாய்க்காலைக் காட்டுவீர்களா?" என்று கேட்டார். அவர் வர இசைந்துவிட்டார் என்பதை உணர்ந்தோம்.

அதன்பின் அவருடைய முழங்காலை அளவுகோலாகக் கொண்டே திட்டம் வகுத்தோம். முதல் நாள் ஓய்வு. மாலையில் டாரோ ஆற்றோரம் சிறு நடை. இரண்டாம் நாள் அல்ஹம்ப்ரா. குன்றுக்குச் சிறு பேருந்துகள் செல்கின்றன. மூன்றாம் நாள், இசபெல்லா அரசியும் ஃபெர்டினாண்டு அரசரும் அடக்கமாகியுள்ள அரச சிற்றாலயம். நான்காம் நாள், குறுகிய தெருக்கள் நிறைந்த அல்பைசின் பகுதி. அங்கிருந்து எதிரே அல்ஹம்ப்ராவையும், பின்னே பனி படர்ந்த சியரா நெவாடா மலையையும் காணலாம். ஐந்தாம் நாள், 1936ஆம் ஆண்டில் கொல்லப்பட்ட கவிஞர் லோர்காவின் கோடை இல்லம். ஆறாம் நாள், சாக்ரொமொந்தே குகை வீடுகளில் ஃபிளமெங்கோ ஆடல். அதனை வளர்த்த ரோமா மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றோர் என்பதை அவர்தம் மொழி காட்டுகிறது. ஏழாம் நாளை வெறுமையாக விட்டுள்ளோம். அது அம்மாவின் விருப்பத்துக்கு உரியது.

அழகை மட்டும் கண்டு திரும்புவது முறையன்று எனவும் உணர்ந்தோம். 1492 சனவரி 2ஆம் நாள் கடைசி நஸ்ரித் மன்னர் நகரை ஒப்படைத்தார். அவ்வாண்டே யூதர்கள் நாட்டைவிட்டு வெளியேறப் பணிக்கப்பட்டனர். முஸ்லிம்கள் பின்னர் மதம் மாற வற்புறுத்தப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்களும் 1609 முதல் 1614 வரை வெளியேற்றப்பட்டனர். இதைக் கேட்ட அம்மா, "வீட்டைக் காலி செய் என்ற சொல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்" என்றார். எங்கள் லயம் இடிக்கப்பட்ட நாள் எங்கள் கண்முன் வந்தது.

ஏனைய ஆயத்தங்களும் உண்டு. அங்கே மதிய உணவு இரண்டு மணிக்கு மேலும், இரவுணவு ஒன்பது மணிக்கு மேலும்தான். ஆதலின், வேளை தவறாது மருந்துண்ணும் அம்மாவுக்காகச் சமையலறையுள்ள விடுதியைத் தேர்ந்தோம். கோடை வெயிலைத் தவிர்த்து மே மாதத்தைக் குறித்தோம். அல்ஹம்ப்ராவின் நுழைவுச் சீட்டை முன்கூட்டியே பெறவேண்டும். பார்ப்பவரின் பெயரும் கடப்பிதழ் எண்ணும் அதற்குத் தேவை. உள் அரண்மனைக்குக் குறித்த நேரத்தில் சென்றாக வேண்டும்.

சென்ற மாதம் அம்மாவுக்கு முதன்முதலாகக் கடப்பிதழ் எடுத்தோம். நெடுங்காலம் தோட்டத்துச் செக்ரோலில் மட்டுமே இருந்த அவர் பெயர், இனி ஓர் அரண்மனையின் நுழைவுச் சீட்டிலும் இருக்கும். இதனைக் கூறியபோது அவர், "பெயரைச் சரியாய் எழுதினீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

மாணவச் செல்வங்களே! நீங்களும் ஒருநாள் தொலைதூரம் செல்வீர்கள். செல்லுமுன் படியுங்கள், படித்ததை வீட்டிலுள்ள பெரியோரிடம் சொல்லுங்கள். நூல் கேளாத வினாவை அவர்கள் கேட்பார்கள். பெற்றோருக்கு ஏதேனும் வாக்குக் கொடுத்திருப்பின், எங்களைப் போல் நாற்பது ஆண்டுகள் காத்திராதீர்கள்.