எந்த ஏரியா?

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மணலில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆரம்பித்துவிடும். மீனவர் பிள்ளைகளும் ஹவுசிங் போர்டில் குடியிருக்கும் எங்கள் பிள்ளைகளும் கலந்து ஆடுவார்கள். நடுவில் சண்டை வரும். ஆட்டம் நிற்காது.

அங்கேதான் அவனைப் பார்த்தேன். பதினேழு வயது. பெயரை எழுதப் போவதில்லை, அவன் இன்னும் ஆட வேண்டியவன். பாயிண்ட்டில் நிற்பான். மணலில் பந்து ஒழுங்காக வராது; ஒன்று செத்து நிற்கும், இல்லையென்றால் காலடிக் குழியில் பட்டு வேறு பக்கம் திரும்பும். அவன் கண் அதற்கு முன்பே அங்கே போயிருக்கும். குனிவதும் எடுப்பதும் எறிவதும் தனித்தனியாகத் தெரியாது. அன்று மூன்று பேரை ரன் அவுட் ஆக்கினான். மூன்றாவது பையன் திட்டிக்கொண்டே சிரித்தான்.

நான் கிரிக்கெட் தெரிந்தவன் இல்லை. என் வேலை பட்டா, ரேஷன் கார்டு, வன்கொடுமை வழக்கு. ஆனாலும் கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கும் நல்ல கையெழுத்து எது என்று தெரியும்.

அவன் குடும்பத்தைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பி நாலைந்து வருடம் ஆகிறது. இவன் மட்டும் ஆட்டத்துக்காக இங்கே அத்தை வீட்டில் தங்கிக்கொண்டான். ஒரு நாள் அவன் அம்மா போன் செய்தார். "தம்பி, ஏதோ செலக்‌ஷனாம். நீ கூடப் போயிட்டு வாயேன். பெரிய எடத்துல அவனுக்குப் பேசத் தெரியாது." லீக்கில் ஆடும் ஒரு கிளப் நடத்திய தேர்வு அது. எந்த கிளப் என்பது இங்கே தேவையில்லை. சென்னையில் ஒருவன் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைய டிவிஷன் லீக்தான் வாசல். அங்கே பெயர் வந்தால்தான் டிஎன்பிஎல், அதற்குப் பிறகுதான் ஐபிஎல் ஏலமெல்லாம்.

வெள்ளை பேன்ட் இரவல். ஸ்பைக்ஸ் இல்லை, கேன்வாஸ் ஷூ. பேட்டிங்கில் நாலு பந்து கிடைத்தது, சுமாராக ஆடினான். கடல் மணலில் பழகியவனுக்குத் தோல் பந்தின் எகிறல் புதிது. ஃபீல்டிங்கில் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிறகு கூப்பிட்டார்கள்.

"எந்த ஏரியாப்பா?"

"ஹவுசிங் போர்டு சார். இப்ப வீடு பெரும்பாக்கம்."

"ஓ. ப்ராக்டிஸுக்கு ஒழுங்கா வருவியா? அங்கேர்ந்து வர்ற பசங்க ரெண்டு மாசத்துல நின்னுடறாங்க. சண்டை கிண்டை ஏதாவது?"

"எதுக்கு சார் என்னை மட்டும் கேக்கறீங்க? முன்னாடி வந்தவனைக் கேக்கலையே."

அவ்வளவுதான் சொன்னான். குரலைக்கூட உயர்த்தவில்லை. வெளியே வரும்போது ஒருவர் என்னைத் தனியாக அழைத்து அன்பாகவே சொன்னார்: "பையன் நல்லா ஆடறான் சார். ஆட்டிட்யூட்தான் கொஞ்சம்..."

வீட்டுக்கு வந்தபின் ஜாக்கி ராபின்சன் ஞாபகம்தான். பேஸ்பால் நம் ஆட்டம் இல்லை, தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இரண்டாவது, மூன்றாவது தளங்களுக்கு நடுவே நிற்பவருக்கு ஷார்ட்ஸ்டாப் என்று பெயர். கிட்டத்தட்ட நம் பாயிண்ட், கவர் மாதிரி. பந்து வேகமாகத் தரையில் வரும், அள்ளி, சுழன்று, முதல் தளத்துக்கு எறிய வேண்டும். வெள்ளையர் அணிகளில் கறுப்பினத்தவருக்கு இடமே இல்லாத 1945இல் ராபின்சன் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பினத்தவர் அணியில் அந்த இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்.

அந்த ஏப்ரல் மாதம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி அவரையும் இன்னும் இரண்டு கறுப்பின வீரர்களையும் தேர்வுக்கு அழைத்தது. நகரமன்ற உறுப்பினர் ஒருவரின் நெருக்கடியால் வந்த அழைப்பு. மூவரையும் கூட்டிப்போனவர் வெண்டல் ஸ்மித், கறுப்பினப் பத்திரிகையான பிட்ஸ்பர்க் கூரியரில் எழுதியவர். ஆட வைத்தார்கள், பார்த்தார்கள், அனுப்பினார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. அந்த அணியில் முதல் கறுப்பினத்தவர் ஆடியது 1959இல்.

ராபின்சனின் பெயரை புரூக்ளின் டாட்ஜர்ஸ் தலைவர் பிராஞ்ச் ரிக்கியிடம் சொன்னதும் அதே ஸ்மித்தான். இதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம், ரிக்கி கண்டெடுத்தார் என்றுதான் கதை சொல்கிறோம். ஆகஸ்டில் ரிக்கி தன் ஆளான கிளைட் சுகிஃபோர்த்தை சிகாகோவுக்கு அனுப்பினார். அந்தக் கையில் எறியும் பலம் இருக்கிறதா பார், அதுதான் வேலை. போன இடத்தில் ராபின்சனுக்குத் தோளில் அடி. எறியவே முடியாது. பார்க்க வந்ததைப் பார்க்காமலே சுகிஃபோர்த் அவரை புரூக்ளினுக்கு அழைத்துவந்தார். பேசிய விதத்தையும் நின்ற விதத்தையும் வைத்தே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்.

இதில் என்னை உறுத்துவது வேறு. பேஸ்பாலில் திறமை தேடுபவர்கள் ஐந்து விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள்: பந்தை அடிப்பது, அடியின் பலம், ஓட்டம், எறிதல், பிடித்தல். 20இல் தொடங்கி 80 வரை. இவை கண்ணுக்குத் தெரிபவை, கடிகாரம் வைத்தும் அளக்கலாம். இவற்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் எழுதுவார்கள், ஆளின் குணம். அதற்குக் கடிகாரம் கிடையாது. 1944இல் ராணுவத்தில் இருந்தபோது பேருந்தின் பின்பக்கம் போக மறுத்ததால் ராபின்சன் ராணுவ நீதிமன்ற விசாரணையைச் சந்தித்து விடுதலையானவர். அந்தப் பத்தியில் இதை எப்படி எழுதுவது? திமிர் என்றா, மானம் என்றா? எழுதுபவர் யார் என்பதைப் பொறுத்தது. ரிக்கி அதைத் துணிச்சலாகப் படித்தார், அது அவர் பெருமை. ஆனால் அவரும் கேட்டது, எவ்வளவு அவமானப்படுத்தினாலும் திருப்பி அடிக்காமல் இருக்க முடியுமா என்பதைத்தான். எறிந்தவர்களிடம் கேட்காத கேள்வியை எறி வாங்கப்போகிறவரிடம் கேட்டார்கள். 1947இல் டாட்ஜர்ஸ் அணியில் அவர் முதல் தளத்தில் இறங்கும்போது வயது 28. ஒரு ஆட்டக்காரனின் நல்ல வருடங்களில் பாதி அதற்குள் போய்விடும்.

நம் பக்கம் வேறு மாதிரியா? பல்வங்கர் பாலு, தோல் தொழில் செய்த சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் கிளப்பில் பிட்ச் உருட்டி, வலை கட்டி, மணிக்கணக்கில் அவர்களுக்குப் பந்து வீசினார். அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட வலையில் மட்டையைக் கையில் தரவில்லை என்று பின்னாளில் மகனிடம் சொல்லியிருக்கிறார். இந்துக்கள் அணிக்கு அவர் விக்கெட் வேண்டும், தேநீர் மட்டும் வெளியே மண்குவளையில். 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவரைக் கேப்டன் ஆக்கவில்லை. தம்பி விட்டலுக்குத்தான் 1923இல் அது கிடைத்தது, அதுவும் போராடி.

உடனே சிலர் நடராஜனைச் சொல்வார்கள். சொல்லட்டும், எனக்கும் பிடிக்கும். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பாலில் வீசியவர் 2017 ஏலத்தில் மூன்று கோடிக்குப் போனதும், 2021இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடியதும் சாதாரணமில்லை. ஆனால் அவர் கதையில் ஊரிலேயே இருந்து அவரைப் பார்த்து, சென்னைக்கு அனுப்பி, கூடவே நின்ற ஜெயப்பிரகாஷ் என்ற ஓர் ஆள் இருக்கிறார். சாந்தோமில் அஸ்வின் படித்த செயின்ட் பீட்ஸ் பள்ளியின் மைதானத்துக்கும் அந்த மணலுக்கும் நடந்தால் சில நிமிடம். அவ்வளவு பக்கத்தில் இருந்தும், இந்தப் பையனை வாரா வாரம் பார்க்கிறவர்கள் மீன் வாங்க வருகிறவர்கள்தான்.

அன்று மைதானத்திலேயே அவனைக் கடிந்துகொண்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். "கொஞ்சம் அடங்கிப் பேசியிருக்கலாம்ல?" அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீயாண்ணா இதைச் சொல்ற?" பஸ்ஸில் திரும்பும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

போன வாரம் போன் செய்தான். கீழ் டிவிஷனில் வேறொரு கிளப்பில் ஆள் குறைகிறதாம், கடற்கரையில் கூட ஆடும் பையன் சொல்லிவிட்டிருக்கிறான். ஸ்பைக்ஸ் எட்டாம் நம்பர், யாரிடமாவது கிடைக்குமா என்று கேட்டான். விசாரிக்கிறேன் என்றேன். போனை வைக்கவில்லை.

"ண்ணா, ஃபார்ம்ல அட்ரஸ் எதைப் போடறது? அத்தை வீட்டையா, பெரும்பாக்கமா? அத்தை வீடுன்னா சாந்தோம்னு வரும்."

பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பெரும்பாக்கம்னே போடு என்றேன். சரிண்ணா என்று வைத்துவிட்டான். எதைப் போட்டான் என்று நான் கேட்கவில்லை.