சுடுகிற சக்கரம்

என் தங்கை பிள்ளை கனடாவில் இருக்கிறான். போன மார்கழியில் ஒரு நாள் காலை, நான் காப்பியை வாயில் வைக்கப் போகிற சமயம் டெலிபோனில் கூப்பிட்டான்.

"மாமா, என் காருக்குச் சூடேறுகிற ஸ்டியரிங் ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். பழசுதான். ஆனால் பிரமாதமாக இருக்கிறது!"

அவன் கார் இரண்டே பேர் உட்காரக் கூடிய பந்தய ஜாதிக் கார். கூரையை மடக்கி வைத்துவிட்டுக் காற்றில் தலைமயிர் பறக்க ஓட்டுவதற்கென்றே செய்தது. அதைப் பனி கொட்டுகிற தேசத்தில் போய் வாங்கியிருக்கிறான். அது கிடக்கட்டும். சூடேறுகிற ஸ்டியரிங் என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. அவனே விளக்கினான். சக்கரத்தின் தோல் உறைக்கு அடியில் மெல்லிய கம்பி ஓடுகிறதாம். பொத்தானை அமுக்கினால் மின்சாரம் பாய்ந்து கம்பி சூடாகும். இஸ்திரிப் பெட்டியின் சித்தாந்தம்தான். அதைவிட மிகவும் சாதுவானது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிரில் கையுறை இல்லாமல் ஓட்டலாம். எங்கோ மோதி நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து கழற்றி விற்றதை இவன் வாங்கியிருக்கிறான். இந்தக் காலத்துச் சக்கரத்தின் நடுவில் காற்றுப் பை ஒன்று மடித்து வைத்திருக்கிறதே, அது வெடித்து முகத்தில் அறையாமல் இருக்க, முதலில் பாட்டரியைக் கழற்றிவிட்டுச் சற்று நேரம் காத்திருக்க வேண்டுமாம்.

"அடே, நான் காரைக்குடியில் இருக்கிறேன். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர் ஸ்டியரிங் எல்லாமே சூடேறுகிற ஸ்டியரிங்தான். கம்பியும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம்" என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் டெலிபோனை வைத்த பிறகு என் மனசு நேரே என்னுடைய காருக்குப் போய்விட்டது.

என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். தேவகோட்டையில் வக்கீலாக இருந்த என் தகப்பனார் 1966-ல் வாங்கியது. சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். உருவம் வகுத்தவர் மிச்செலோட்டி என்ற இத்தாலியர். முன்பக்கத்து மூடி முழுவதும் முதலை வாய் மாதிரி முன்னால் சாய்ந்து திறக்கும். இருபத்தைந்து அடிக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற பந்தய ஜாதிக் காரைச் செய்தார்கள். ஆகவே என் காரும் ஒரு விதத்தில் அந்த ஜாதிக்குப் பெரியப்பா முறை என்று சொல்லிக் கொள்ளலாம். நான் சொல்லிக் கொள்வதுண்டு.

இவ்வளவு பெருமை இருந்தும் ஸ்டியரிங் மட்டும் சகிக்காது. ஐம்பது வருஷ வெயிலில் அதன் கெட்டிப் பிளாஸ்டிக் பாளம் பாளமாக வெடித்து, உள்ளே இருந்த இரும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. மின்சார வேலைக்காரர்கள் ஒட்டுகிற கறுப்பு நாடாவைச் சுற்றி வைத்திருந்தேன். வெயிலில் அந்தப் பசை உருகிக் கையெல்லாம் கறுப்பாகும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் பட்டு அங்கவஸ்திரத்தில் என் ஐந்து விரலும் பதிந்துவிட்டன. அன்று என் மனைவி பார்த்த பார்வையை நான் எந்த நாவலிலும் எழுதினதில்லை.

மருமகன் வாங்கினால் மாமன் வாங்கக் கூடாதா? முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் புறப்பட்டேன்.

அந்தத் தெருவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். எனாமல் தூக்குச் சட்டி, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பெட்டி, நிலையோடு பெயர்த்து எடுத்த தேக்குக் கதவு, எல்லாம் கிடைக்கும். வெளியூர்க்காரர்கள் பார்த்து வியப்பார்கள். எனக்கு அங்கே போனால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஒரு தூண் கடைக்கு வந்திருக்கிறதென்றால் எங்கேயோ ஒரு வீடு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த பணம் கட்டிய வீடுகள் அவை. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததோடு அந்தக் கப்பல் நின்றது. பிறகு ஒரு வீட்டுக்கு இருபது பங்கு, முப்பது பங்கு. ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்று தீர்மானமாவதற்குள் மழை வந்துவிடும்.

கடைகளில் ஸ்டியரிங் அகப்படவில்லை. ஆனால் நான் தேடுவதைக் கேட்டுக்கொண்டிருந்த தரகர் ஒருவர் என் பின்னாலேயே வந்து, "ஒரு வீட்டிலே இருக்கு. வண்டி இல்லை, சக்கரம் மட்டும்" என்றார்.

ஊர்ப் பெயர் வேண்டாம். முகப்பைத் தாண்டி, வளவைத் தாண்டி, இரண்டாங் கட்டுக்குப் போனோம். அவ்வளவு பெரிய வீட்டில் மனுஷ வாசனை அங்கேதான் இருந்தது. எண்பத்தைந்து வயதிருக்கும் ஓர் ஆச்சி, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக் கொண்டிருந்தார். ஐப்பசி மழைக்கு ஒழுக்கின் கீழே வைத்த அண்டாவும் வாளியும் தை மாதத்தில்கூட எடுக்கப்படாமல் தரையில் நின்றன.

சக்கரம் சுவரில் ஓர் ஆணியில் மாட்டியிருந்தது. பார்த்தவுடன் எனக்கு மூச்சு நின்றது. நடுவிலிருந்து விளிம்புக்கு மூன்று கை. ஒவ்வொரு கையும் கனத்த இரும்பு அல்ல. வீணைத் தந்தி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற மெல்லிய கம்பிகள். எம்.ஜி. என்ற இங்கிலீஷ் பந்தயக் காரின் சக்கரம்! சாலையின் அதிர்ச்சி கைக்கு வராமல் கம்பிகள் வாங்கிக்கொள்ளும்.

ஆச்சி எட்டாயிரம் சொன்னார்கள். நான் நாலாயிரத்தில் ஆரம்பித்தேன். துரு என்றேன். விளிம்பில் கீறல் என்றேன். என் காருக்குப் பொருந்தவே பொருந்தாது, சும்மா அழகுக்கு வாங்குகிறேன் என்றுகூடச் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தை முழுப் பொய். கடைசியில் ஐயாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு பணத்தை எண்ணி வைத்தேன்.

எண்ணி வாங்கி முந்தியில் முடிந்த பிறகுதான் ஆச்சி பேசினார்கள்.

"அவுக மதராசிலே படிக்கையிலே ஊருக்குப் போற துரைகிட்டே வாங்கின வண்டி, தம்பி. சிவப்பு. நான் ஒரே தடவைதான் ஏறினேன், பிள்ளையார்பட்டிக்கு. பாகம் பிரிச்சப்ப வண்டி சின்னவுக பங்குக்குப் போயிருச்சு. அவுக ஒண்ணும் பேசலை. ராத்திரியோட ராத்திரியா இதை மட்டும் கழட்டிக்கிட்டு வந்து இந்த ஆணியிலே மாட்டிட்டாக. 'கொண்டு போகட்டும், எதைப் பிடிச்சு ஓட்டுறாகன்னு பாப்போம்'னாக."

"அப்புறம்?"

"என்ன அப்புறம்? அவுக வேறே சக்கரம் வாங்கி மாட்டிக்கிட்டு ஓட்டிட்டாக. இது இங்கேயே இருந்துச்சு. கடைசி வரைக்கும் அண்ணனும் தம்பியும் பேசிக்கலை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். சக்கரத்தை எடுத்த இடத்தில் சுவர் வட்டமாக வெள்ளையாக இருந்தது. செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, அறுபது வருஷத்துக்குப் பிறகும் முட்டை மாதிரி மின்னியது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பும்போது தரகர், ஆச்சியிடமிருந்து தமக்கு ஐந்நூறு என்று வழியில் சொன்னார்.

எங்கள் மெக்கானிக் பாய் சக்கரத்தைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "கோயம்புத்தூர்லே பழைய கார் வைச்சிருக்கிற பெரிய மனுஷங்க கண்ணிலே பட்டிருந்தா மூணு மடங்கு கொடுத்திருப்பாங்க, சார்" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

மாட்டுகிற வேலை நான் நினைத்தது போல் சுலபமாக இல்லை. ஸ்டியரிங் தண்டின் தலையில் நுணுக்கமான பற்கள் வெட்டியிருக்கும். சக்கரத்தின் நடுத்துளையில் அதற்கு ஈடான பற்கள் இருக்க வேண்டும். எம்.ஜி.யின் துளை ஹெரால்டின் தண்டில் உட்காரவில்லை. "பற்ற வைத்துவிட்டால் என்ன?" என்று கேட்டேன். பாய் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"வெல்டு ஒரு நாளைக்கு விட்டுரும், சார். சக்கரம் கையோட வந்துரும். அன்னிக்கு எதிரிலே லாரி வருதா இல்லையான்னு நான் சொல்ல முடியாது."

பழைய சக்கரத்தைக் கழற்றினார். முன் சக்கரங்களை நேராக நிறுத்தி, தண்டில் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் போட்டார். நடு நட்டைத் தளர்த்தினாரே தவிர முழுக்க எடுக்கவில்லை. எடுத்துவிட்டு இழுத்தால், இறுகிக் கிடந்த சக்கரம் ஒரே துள்ளாகத் துள்ளி வந்து மூக்கை உடைக்குமாம். பிறகு அந்தப் பழைய சக்கரத்தின் நடுப்பகுதியை மட்டும் பற்களோடு அறுத்தெடுத்து, லேத் பட்டறையில் கடைந்து, ஓர் எஃகுத் தட்டோடு சேர்த்து, எம்.ஜி. சக்கரத்தோடு ஆறு போல்ட் போட்டு முடுக்கினார். ஒவ்வொரு போல்ட்டும் கழன்று விடாதபடி பூட்டு வாசர் வேறு. என் தகப்பனார் பிடித்து ஓட்டிய சக்கரத்தில் அவ்வளவுதான் மிச்சம். ஆனால் தண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது இன்றும் அதுதான். ஹாரன் பொத்தானுக்குப் புதுச் சக்கரத்தில் இடமில்லை. அதை முகப்புப் பலகைக்குக் கொண்டு போனார்.

துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து எழுந்த மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் உள்ள ஊர் எங்கள் ஊர். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, எப்படித் தடுப்பது என்று பெரிய பெரிய விஞ்ஞானிகள் அங்கே ஆராய்கிறார்கள். என் சக்கரத்தின் துருவை எடுத்தது என்னவோ பட்டறைப் பையனும் உப்புத்தாளும்தான்.

மாட்டி ஓட்டிப் பார்த்தேன். சற்றுப் பெரிய சக்கரம், தொடையில் இடித்தது. ஆனால் கல்லுக் குழியில் இறங்கினாலும் கையில் அதிரவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் "பொருந்தவே பொருந்தாது" என்று நான் சொன்னது காதில் கேட்டது.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் ஐயாயிரம் ரூபாயைக் கவரில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். காரை முகப்பில் வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போய், சுற்றி வளைக்காமல், விலையில் நான் தப்புப் பண்ணிவிட்டேன், இதை வாங்கிக் கொள்ள வேண்டும் என்றேன்.

ஆச்சி கவரைத் தொடவில்லை.

"நீங்க கேட்டீக, நான் கொடுத்தேன். யாவாரம் அன்னிக்கே முடிஞ்சு போச்சு, தம்பி. இப்ப இதுக்குப் பேரு என்ன?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. அதை அந்த வீட்டில் வைத்துச் சொல்லக் கூடாது. கவரைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். மோர் கொடுத்தார்கள், குடித்தேன்.

"மாட்டிட்டீகளா? பொருந்துச்சா?" என்று கேட்டார்கள்.

"பொருந்திற்று, ஆச்சி" என்றேன்.

பார்க்க வேண்டுமென்றார்கள். தடியை ஊன்றி, இரண்டு கட்டையும் தாண்டி, முகப்புக்கு வந்து சேரக் கால் மணி ஆயிற்று. கதவைத் திறந்து விட்டேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டிச் சக்கரத்தைப் பிடித்தார்கள். பிடித்த வேகத்திலே உதறினார்கள்.

"ஆத்தீ! என்னமாச் சுடுது!"

உள்ளங்கையை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே, "அவுக ஈரத் துண்டைப் போட்டு மூடி வைப்பாக. நீங்க அப்படியே போட்டிருக்கீகளே" என்றார்கள். பிறகு உள்ளே திரும்பி, யாரையோ, கொடியில் கிடக்கிற துண்டை நனைத்துக்கொண்டு வரச் சொல்லிக் குரல் கொடுத்தார்கள்.